ஒரே கிராபிக்ஸ் கார்டு, இரண்டு லேப்டாப்

என் லேப்டாப்பும் தம்பியின் லேப்டாப்பும் ஒரே மேசையில் அடுத்தடுத்து இருந்தன. இரண்டிலும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டு. இரண்டிலும் அதே கேம், அதே செட்டிங்ஸ், அதே இடம்: மழை பெய்து ஓய்ந்த ஒரு சந்தைத் தெரு, கூட்டம் கூட்டமாக ஆட்கள் நடமாடும் காட்சி. அவனுடையதில் விநாடிக்கு 71 ஃப்ரேம் (திரையில் மாறும் படங்கள்). என்னுடையதில் 54. டிரைவரைப் புதுப்பித்துப் பார்த்தோம், லேப்டாப்பை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், பின்னணியில் ஓடிய எல்லாவற்றையும் மூடிப் பார்த்தோம். எண் அசையவில்லை.

"அக்கா, கார்டு எத்தனை வாட் இழுக்குதுன்னு பாரு" என்றான்.

திரையின் மூலையில் அந்த எண்ணையும் வரவழைத்தோம். என்னுடையது 60 வாட்டில் ஆணி அடித்தாற்போல் நின்றது. அவனுடையது 90-ஐத் தொட்டுத் தொட்டு வந்தது.

ஆறு மாதம் நான் அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தியிருந்தேன். வாங்கும் முன் இரண்டு வாரம் தேடியிருந்தேன். கார்டு என்ன, பிராசசர் என்ன, ரேம் எத்தனை ஜிபி, திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்று நாலு வரியை வைத்து ஒப்பிட்டேன். வாட் என்ற ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. குறைந்த பட்ஜெட்டில் கேமிங் லேப்டாப் தேடும் பலருக்கும் இது தெரியாமல்தான் இருக்கிறது என்பதை அதன் பிறகு பார்த்தேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் இருப்பது சிப்பின் பெயர் மட்டும்தான். அந்தச் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப்பைத் தயாரிப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். 4050 லேப்டாப் கார்டுக்கு என்விடியா அனுமதிக்கும் அளவு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மேலே இருப்பது கீழே இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம்! கார்டுக்குக் கொடுக்கும் இந்த வாட் அளவை டிஜிபி என்பார்கள். முன்பு குறைந்த வாட் கார்டுகளுக்கு மேக்ஸ்-க்யூ என்று தனிப் பெயராவது இருந்தது. 2021-க்குப் பிறகு பெயரைப் பார்த்து வாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. தயாரிப்பாளரின் தளத்தில், அந்த மாடலின் விவரப் பட்டியலில், கார்டின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். அதுவும் மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை சரிபார்த்துப் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் நாலைந்து வகைகள் விற்பார்கள்.

அதற்காக, வாட் கூடக் கூட வேகமும் அதே கணக்கில் கூடும் என்று நினைக்க வேண்டாம். 4050-ஐப் பொறுத்தவரை 60-லிருந்து 90-க்குப் போவது கண்ணுக்குத் தெரியும். 90-க்கு மேல் கிடைப்பது சொற்பம். ஆகவே 115 வாட் என்று போட்டிருப்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. 50, 60 என்று போட்டிருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

எனக்கு ஏன் 60 வாட் கொடுத்தார்கள்? அந்தக் கேள்விக்கு விடை, நான் ஆசைப்பட்டு வாங்கிய அதே அழகில் இருந்தது. என் லேப்டாப் மெலிசு. பைக்குள் நோட்டுப் புத்தகம் போலப் போகும். தம்பியினுடையது தடிமன், பின்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். அந்த நீட்டலில்தான் அவனுடைய வெப்பத் தகடுகள் இருக்கின்றன. பின்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என்று நாலு வழியாகச் சூடு வெளியே போகிறது. என்னுடையதில் பின்னால் மட்டும்தான் வழி, அதையும் திறந்த மூடி பாதி மறைக்கிறது. 60 வாட்டுக்கு மேல் கொடுத்தால் அந்த உடம்பு தாங்காது. வடிவமைப்புக்கு ஒரு மதிப்பெண், செயல்திறனுக்கு ஒரு மதிப்பெண் என்று நான் தனித்தனியாகப் போட்டு வாங்கியதுதான் தவறு. லேப்டாப்பில் முதலாவதுதான் இரண்டாவதைத் தீர்மானிக்கிறது.

வாங்கிய முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். திருப்பிக் கொடுக்க அப்போது அவகாசமும் இருந்தது. நான் செய்ததெல்லாம் மூன்று நிமிடம் ஓடும் ஒரு பெஞ்ச்மார்க், அதாவது வேகத்தை அளக்கும் சோதனை. நல்ல எண் வந்தது, சந்தோஷப்பட்டு மூடிவிட்டேன். மூன்று நிமிடத்தில் எந்த லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும். செம்புக் குழாயும் தகடும் அடிப்பாகமும் முழுதாகச் சூடேற இருபது நிமிடமாவது ஆகும். அதற்குப் பிறகு காட்டுவதுதான் அதன் நிஜ வேகம்.

இப்போது யாருடைய புது லேப்டாப்பைப் பார்த்தாலும் நான் செய்யும் சோதனை இதுதான். சார்ஜரைச் செருகி, லேப்டாப்பை மேசை மேல் வைத்து, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, கனமான ஒரு கேமை அரை மணி நேரம் விளையாட வேண்டும். வெறுமனே மெனுவில் நிற்க விடக் கூடாது. ஐந்தாவது நிமிடத்தில் ஃப்ரேம், கார்டின் வாட், கார்டின் சூடு, பிராசசரின் சூடு நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். முப்பதாவது நிமிடத்தில், கேமின் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, மறுபடி குறிக்க வேண்டும். இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்ல லேப்டாப். ஃப்ரேம் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் குளிரூட்டல் போதவில்லை. இன்டெல் லேப்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 90-க்குப் பக்கத்தில் ஓடுவது இந்த விலை வரிசையில் சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லையில் முட்டி முட்டி வாட் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சராசரி ஃப்ரேமை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 1 சதவீத லோ என்று ஒன்று காட்டும். ஓடிய ஃப்ரேம்களிலேயே மிக மெதுவாக வந்தவற்றின் கணக்கு அது. சராசரி 60 இருந்து இந்த எண் 25-க்கு விழுந்தால், திரும்பும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி ஓடும். எனக்கு அப்படித்தான் இருந்தது. அதற்குக் காரணம் வாட் இல்லை. ரேம்.

அடிமூடியைக் கழற்றியபோதுதான் அதைப் பார்த்தேன். பதினொரு திருகு. முன்வரிசை மூன்றும் மற்றவற்றை விடக் குட்டையாக இருந்தன, அதனால் ஒரு தாளில் லேப்டாப்பை வரைந்து எந்தத் திருகு எந்த இடம் என்று அதன் மேலேயே வைத்தேன். (இதைச் செய்யாமல் நீளத் திருகைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் கீபோர்டில் புடைத்துக்கொண்டு வரும்.) ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் விட்டு மெதுவாக நகர்த்த, கிளிப்புகள் டக் டக் என்று விட்டன. உள்ளே இரண்டு ரேம் இடங்கள். ஒன்றில் 8 ஜிபி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த இடம் காலி.

ரேம் ஒற்றையாக இருந்தால் பிராசசருக்குத் தகவல் போகும் பாதையில் பாதி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். டிடிஆர்4-3200 வகை ரேம் ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு இருந்தால் 51.2 ஜிபி. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபியைச் சாய்வாக நுழைத்து அழுத்தினேன், இரண்டு பக்கமும் கொக்கி மாட்டிக்கொண்டது. மொத்த வேலையே அரை மணி நேரம். அதே சந்தைத் தெருவில் 54 இருந்தது 61 ஆனது. 1 சதவீத லோ 24-லிருந்து 43-க்கு வந்தது. இதில் ஒரு பங்கு, மொத்தம் 16 ஜிபி ஆனதால் வந்தது. மறு பங்கு, பாதை இரண்டானதால் வந்தது. எது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் திக்கல் போனது. லேப்டாப்புக்கு நான் செய்த செலவுகளிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான். சில மெலிசு மாடல்களில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்ற வைத்துவிடுகிறார்கள், பிறகு எதுவும் செய்ய முடியாது. வாங்கும் முன்பே எத்தனை இடம், எத்தனை காலி என்று கேளுங்கள். திறந்தால் வாரன்டி போகுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டிலும் தனியே ஒரு நினைவகம் உண்டு. 4050-ல் அது 6 ஜிபி. புதிய கேம்களில் டெக்ஸ்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) உச்சத்தில் வைத்தால் அது நிரம்பிவிடும். நிரம்பியதும் சுவரும் தரையும் களிமண் பூசியது போல மங்கலாகத் தெரியும், அல்லது காட்சி வெட்டி வெட்டிப் போகும். டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்கினால் போதும், மற்றவற்றைத் தொட வேண்டாம். கேமில் டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சிறிதாக வரைந்து பிறகு பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியா வசதி) இருந்தால் 'குவாலிட்டி'யில் போடுங்கள்.

சூடு கைக்கு எங்கே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விவரப் பட்டியலில் இது வராது. என்னுடையதில் கீபோர்டின் மேல் நடுப்பகுதி, 6, 7 எண்களுக்கு மேலே, விரல் வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அங்கே விரல் போவதில்லை, சரி. ஆனால் அந்தச் சூடு இடது பக்கமாகப் பரவி டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளுக்கு வந்துவிடும். இடது கையின் மூன்று விரலும் அங்கேயேதான் இருக்கின்றன. ஒரு மணி நேரம் ஆனால் விரல் நுனி வியர்த்து விசை வழுக்கும். தம்பியுடையதில் அந்த நான்கு விசைகளுக்குக் கீழே காற்று உள்ளே போகும் வழி இருக்கிறது, அதனால் எத்தனை நேரம் ஆனாலும் அந்த இடம் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. அரை மணி நேரச் சோதனையின் முடிவில் உள்ளங்கையைக் கீபோர்டு மேல் வைத்து ஒரு சுற்று தடவிப் பாருங்கள்.

ஃபேன் சத்தம் பற்றி ஒன்று. பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகளில் அமைதி, சமநிலை, டர்போ என்பது போல மூன்று முறைகள் இருக்கும். ஆரம்பத்தில் எப்போதும் டர்போவில்தான் வைத்திருந்தேன். போனில் இருந்த டெசிபல் அளவியைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் 52 காட்டியது. சமநிலையில் 44. பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும், ஆகவே இது சின்ன வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் ஃப்ரேமில் இருந்த வேறுபாடு மூன்றுதான். மூன்று ஃப்ரேமுக்காக ஆறு மாதம் அந்த இரைச்சலைக் காதில் வாங்கியிருக்கிறேன். அன்றே சமநிலைக்கு மாற்றினேன். அப்புறம் கேமிலேயே ஃப்ரேமை 60-க்கு மேல் போகாமல் பூட்டினேன். லேசான கேம்களில் 110 வரை போய்க் கார்டை முழுதாக வேலை வாங்கிக்கொண்டிருந்தது, பூட்டியதும் 35 வாட்டுக்கு இறங்கியது. பின்பக்கத்தைச் சின்னத் தாங்கியால் இரண்டு விரல் உயர்த்தி வைத்ததில் இன்னும் நாலு டிகிரி குறைந்தது. இதற்கு ஃபேன் வைத்த கூலிங் பேட் தேவையில்லை, அடியில் காற்று புக இடம் இருந்தாலே போதும். மெத்தை மேல் வைத்து விளையாடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று உள்ளே போகும் வழி முழுவதும் அடைபட்டுவிடும்.

திரையில் 144 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. உண்மையிலேயே விநாடிக்கு 144 தடவை அது படத்தை மாற்றுகிறது, அதாவது 7 மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு ஒரு படம். ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரு புள்ளி முழுதாக நிறம் மாறினால்தான் அதற்குப் பயன். விலை குறைந்த திரைகளில் புள்ளி மாற 20 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. விளைவு, வேகமாகத் திரும்பினால் ஆட்களுக்குப் பின்னால் நிழல் போல ஒரு வால் இழுபடும். வெள்ளைப் பக்கத்தில் கருப்பு எழுத்தை வேகமாக மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், எழுத்து சாம்பலாகக் கரைந்தால் திரை மெதுவானது. நிறமும் கவனிக்க வேண்டியது. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால், சாதாரண எஸ்ஆர்ஜிபி நிறங்களிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். வெளிச்சம் 250 நிட் என்றால் ஜன்னலுக்கு எதிரே உட்கார முடியாது. 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, 300 நிட் என்று ஒரு வகை இருந்தால் ஹெர்ட்ஸைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அதை எடுங்கள். மானிட்டரை மாற்றுவது போல லேப்டாப் திரையை மாற்ற முடியாது. தினமும் பார்க்கப்போவது அதைத்தான்.

மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் கார்டு வரைந்த படம் பிராசசரோடு இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும், கொஞ்சம் வேகம் வழியிலேயே போய்விடும். வேகமான போட்டிக் கேம்கள் விளையாடுபவர்களுக்கு இது முக்கியம்.

பேட்டரியில் கேம் விளையாடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் கார்டின் வாட் தானாகக் குறைந்துவிடும், ஏனென்றால் பேட்டரியால் அவ்வளவு மின்சாரத்தை ஒரே நேரத்தில் தர முடியாது. எனவே லேப்டாப்பின் எடையைக் கேட்கும்போது சார்ஜரின் எடையையும் சேர்த்துக் கேளுங்கள். தம்பியின் லேப்டாப் தடிமன் என்று சொன்னேன், அவன் சார்ஜரும் ஒரு செங்கல் அளவு. வெளியூர் போனால் இரண்டையும் சுமக்கிறான். அதில் நான் வசதியாக இருக்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதாரண வேலைக்கு யுஎஸ்பி-சி சார்ஜரே எனக்குப் போதும். வகுப்பு, பயணம், எழுத்து வேலை அதிகம், கேம் வாரக் கடைசியில் மட்டும் என்றால் 60 வாட் மெலிசு லேப்டாப் தவறான தேர்வு இல்லை. அது 60 வாட் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகக் கீல். எட்டாவது மாதம் ஒரு காலையில் மூடியைத் திறந்தபோது வலது மூலையில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு நாள் கழித்து அந்த மூலையில் திரைச் சட்டம் நகக்கண் அளவுக்குப் பிளந்து நின்றது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். கீல் இரும்பு, நன்றாகவே இருந்தது. அதைப் பிடித்திருந்த திருகு, பிளாஸ்டிக்கில் புதைத்த குட்டிப் பித்தளை வளையத்தில் இறங்கியிருந்தது. அந்த வளையம் பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. கீல் இறுக்கமாக, பிளாஸ்டிக் மெலிசாக இருந்தால் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வளையம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். நானும் எப்போதும் வலது மூலையைப் பிடித்தே திறந்து வந்திருக்கிறேன், அதனால் மொத்தச் சுமையும் ஒரே கீலில் விழுந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் இது உடைந்த சேதம், வாரன்டியில் வராது என்றார்கள். இரண்டு வாரம் பேசியும் நகரவில்லை. மேல்மூடி முழுவதையும் என் செலவில் மாற்ற வேண்டியிருந்தது.

அதனால் கடையில் நின்று பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் நான் முதலில் தொடுவது கீலைத்தான். மூடியை நடுவில் பிடித்து ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பேன். அடிப்பாகமும் சேர்ந்து எழுந்தால் கீல் மிக இறுக்கம். பிறகு பாதி திறந்த நிலையில் ஒரு மூலையை மட்டும் லேசாக அசைப்பேன், மறு மூலை கூடவே வர வேண்டும். கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துவேன், ஜி, ஹெச் விசைகள் இருக்கும் இடம் பள்ளமானால் உள்ளே தாங்குவதற்குச் சட்டம் இல்லை. மூடியின் பின்பக்கம் அழுத்தும்போது திரையில் அலை அலையாகத் தெரிந்தால் பைக்குள் மேலே எதையும் வைக்க முடியாது. இதற்கெல்லாம் ஒரு நிமிடம்தான் ஆகும்.

போன மாதம் சித்தி மகளுக்கு லேப்டாப் பார்க்கப் போனோம். 4060 போட்ட மெலிசு ஒன்றும் 4050 போட்ட தடிமன் ஒன்றும் அவள் பட்டியலில் இருந்தன. 4060-ன் வாட் 55 என்று தயாரிப்பாளரின் தளத்தில் இருந்தது. 4050-க்கு 95. அவள் தடிமனையே எடுத்தாள், இரண்டு ரேம் இடம், மக்ஸ் ஸ்விட்ச், 300 நிட் திரையோடு. வீட்டுக்கு வந்த அன்றே அரை மணி நேரம் ஓட்டினோம். ஐந்தாவது நிமிடத்தில் 74 ஃப்ரேம், முப்பதாவது நிமிடத்தில் 73. டபிள்யூ விசை மேல் விரல் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, சூடே இல்லையே" என்றாள்.

மூடியை நடுவில் பிடித்துத் திறக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.